கண்டியில் கிடைத்த சாமான்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் இருந்தது. அம்மா கலியாணம் முடித்து உக்குவளைக்கு வந்தபோது துணிமணிகளை அடுக்கிக்கொண்டு வந்த பழைய பலகைப் பெட்டி அது. அதன் ஒரு பக்கத்தில் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயர் கறுப்பு மையில் பாதி அழிந்து கிடக்கும். மாமா பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்தெடுத்தார். "இது இருந்தா கரண்ட் ஷோட் அடிச்சு வீடே எரிஞ்சிரும் அக்கா" என்றார். வீடு எரிந்துவிடும் என்ற நம்பிக்கை அம்மாவுக்கு அதற்கு முன்பே வந்திருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கலியாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். மாத்தளையில் ஒரு முஸ்லிம் நானா நடத்திய கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை. அங்கே கழித்துப்போடுகிற சாமான்கள் மாமாவின் காற்சட்டைப் பைகளில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அவர் உடுப்பை ஊறப்போடுமுன் பைகளைப் பார்த்துக் காலி செய்வது என் வேலை. திருகாணி, வயர்த் துண்டு, பொத்தான் மாதிரிச் சின்ன பேட்டரி என்று ஏதாவது இருக்கும். மொனிட்டர் மட்டும் பையில் அடங்காததால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கழித்தது. அதில் எல்லா மனிதர்களும் கொஞ்சம் பச்சையாகத் தெரிவார்கள்.

அந்தப் பெட்டி யாருக்காக என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் இருந்தது. அப்பா, சீடியில் பழைய படங்கள் பார்ப்பதற்கு என்றார். மிளகும் கராம்பும் வாங்கும் கடையில் நாள் முழுக்க மூட்டை நிறுத்துவிட்டு வருகிறவருக்குச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்க்க ஆசை. எனக்கும் அண்ணனுக்கும் அது டீவி கேம். எங்களிடம் முன்பொரு டீவி கேம் இருந்து, மழைக்காலத்தில் ஒரு நாள் இடி விழுந்து செத்துப்போயிருந்தது. அந்த விளையாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே சீடியில் அடைத்து வைத்திருக்கிறார்கள், கம்ப்யூட்டர் இருந்தால் போதும் என்று மாமா சொன்னார். அண்ணன் அன்றே கடவுளைக் கண்டவன் மாதிரி ஆகிவிட்டான்.

அம்மாவுக்கு மட்டும் அது வேறு ஒன்று. குசினியில் அடுப்பு முன்னால் நின்று அம்மா மாமாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

"என்னமாச்சும் செஞ்சு அவன வீட்டுக்குள்ளயே வச்சிரு தம்பி. ரிசல்ட் வர்ற வரைக்கும்."

அண்ணன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த மாதங்கள் அவை. பதினாறு வயது முடிந்து அடையாள அட்டை புதிதாக வந்திருந்தது. வடக்கில் போர் மறுபடியும் மூண்டு, எங்கள் பக்கத்துச் சந்திகளிலும் தமிழ்ப் பையன்களை நிறுத்தி அட்டை கேட்கிற காலம். ஒரு சனிக்கிழமை உக்குவளைச் சந்தியைச் சுற்றி வளைத்து, நின்றவர்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தான். அதற்குப் பிறகு அம்மா எல்லோருடைய அட்டைகளையும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் செபமாலையோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். அப்பாவும் மாமாவும் காலையில் வேலைக்குப் போகும்போது அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அண்ணன் கேட்டால் "எதுக்கு, எங்க போறே?" என்பார். அட்டை இல்லாமல் எவனும் வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டான் என்பது அம்மாவின் கணக்கு.

எனக்கு அப்போது பத்து வயது. அண்ணன் ஏதோ குழப்படி செய்ததற்கு வீட்டுக்காவல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். எப்போதும் திட்டு வாங்குவது நான்தான்.

அப்படியாக அண்ணன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். மாமா காலையில் போகும்போது ஒரு வேலை சொல்லிவிட்டுப் போவார். "இந்தக் காத்தாடிக்கு எண்ணெய் போட்டு வை." "இந்த வயர்கள்ல எது செத்தது எது உசிரோட இருக்குன்னு பாரு." அண்ணன் நாள் முழுக்க அதையே செய்வான். மாமா சாயங்காலம் வந்து பார்த்து, "ஆ, இப்ப இதுக்கு இன்னொரு சாமான் வேணுமே" என்பார். எதையும் ஒரே தடவையில் கொண்டுவரமாட்டார். இவ்வளவு நாளாகச் சாமான்களைச் சேர்த்து ஒரு பெட்டியைப் பூட்டத் தெரியாதவருக்கு அந்த நானா எப்படிச் சம்பளம் கொடுக்கிறார் என்று அப்பா கேலி செய்வார். மாமா சிரித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடிப்பார்.

அண்ணன் தான் கற்றதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தான். வேறு யாரும் கேட்க ஆளில்லாததுதான் காரணம். விரல் நீளத்தில் பச்சைப் பலகை மாதிரி இருந்த ஒன்றைக் காட்டி, "இதுதான் ரேம். மெஷினுக்கு ஞாபகம் இதுலதான். இது இல்லாட்டி அதுக்கு ஒண்ணும் விளங்காது" என்றான். அதைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டால் பெட்டி நீளநீளமாகப் பீப் அடித்தது, பசித்த பிள்ளை மாதிரி. மறுபடி போட்டால், இரண்டு பக்கமும் இருந்த வெள்ளைக் கொக்கிகள் டக்கென்று பிடிக்க, ஒரே ஒரு சின்ன பீப்.

"ஒண்ணு அடிச்சா சொகம்னு அர்த்தம்" என்றான்.

மாமா எப்போதாவது கடைக்குக் கொண்டுபோனால் அங்குள்ள மற்றச் சாமான்களோடு கலந்துவிடாமல் இருக்க, எங்கள் ரேமின் ஓரத்தில் ஒரு அடையாளம் வைக்கச் சொன்னான். என்னுடைய சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். ஞாயிறு பூசைக்குப் போகும்போது போட்டுக்கொள்ள நான் வைத்திருந்த, அடியில் கொஞ்சமே மிஞ்சிய போத்தல் அது. பெட்டியில் எனக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது என்ற பெருமை அன்று தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்தபின், அது முழுதாக வேலை செய்தது. பச்சைத் திரையில் செங்கல் சுவர்கள் வந்தன. நடுவில் ஒரு சின்ன வீடு. நாலு பக்கத்திலிருந்தும் டாங்கிகள் வரும், நாங்கள் எங்கள் டாங்கியை ஓட்டி வீட்டைக் காப்பாற்ற வேண்டும். நான் எடுத்த எடுப்பில் சுட்டேன், வீடு வெடித்துச் சிதறிவிட்டது.

"எரும, நம்ம குண்டு பட்டாலும் வீடு போயிரும். பாத்து அடி" என்றான் அண்ணன்.

அன்று அப்பா சீடி போட்டு ஒரு படமும் பார்த்தார். கதாநாயகி பச்சையாக இருந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கூட வாசற்படியில் நின்று பார்த்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்த கடைசி ஞாயிறு அது என்பதால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அண்ணனுக்கு விளையாட்டு சீக்கிரமே புளித்துவிட்டது. அவனை வீட்டில் கட்டிப்போட்டிருந்தது மெஷினைப் பூட்டுகிற வேலைதான். பூட்டி முடிந்ததும் கை சும்மா இருந்தது. ஒரு பின்னேரம் அவனைக் காணோம். அம்மா தலைமுடியைக் கூட முடியாமல் ஓடிப்போய், சந்தியில் கூட்டாளிகளோடு கம்ப்யூட்டர் கதை அளந்துகொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் வந்ததும் அவனை அடித்தார், பிறகு அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமா சுவரில் சாய்ந்து நின்று இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அண்ணன் சுவிட்சைப் போட்டான். பெட்டி நீளநீளமாக அழுதது.

ரேம் செத்துவிட்டது என்றார் மாமா. காலையில் சோதித்துப் பார்த்தாராம், சூடு தாங்காமல் எரிந்துவிட்டதாம். நானாவிடம் கொடுத்து வேறு எடுத்துவருவதாகச் சொல்லி, விடிந்ததுமே கழற்றிப் பையில் போட்டுவைத்திருந்தார். அன்று சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். "பழைய மாடல்டா, லேசுல கெடைக்காது. கொழும்புல இருந்து வரணும்" என்றார். அண்ணன் ஒவ்வொரு நாளும் மாமாவின் பஸ் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றான். ஒவ்வொரு நாளும் மாமா கையை விரித்தார். அதற்குப் பதில் வேறு வேலை கொடுத்தார்: மொனிட்டரின் பச்சையைச் சரிசெய், பெட்டிக்கு மூடி செய். மூடியும் செய்து முடித்தாயிற்று.

"கண்டியில கெடைக்கும் மாமா" என்று அண்ணன் சொல்லத் தொடங்கினான். பழைய சாமான் விற்கிற கடைகள் அங்கே இருக்கின்றன, நம்மிடம் கிடக்கிற செத்த போர்டையும் வயர்களையும் கொடுத்தால் மாற்றி எடுக்கலாம் என்று கூட்டாளி ஒருவன் சொல்லியிருந்தான். மாமா சிரித்தார். "கண்டியில ஒண்ணுங் கெடைக்காது. நா பாக்காத கடையா?"

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், அண்ணன் தன் பள்ளிக்கூடப் பையில் செத்த போர்டையும், குடல் மாதிரி வயர் தொங்கும் பழைய கரண்ட் பெட்டியையும் பேப்பரில் சுற்றி வைத்தான். அலுமாரியை இழுத்துப் பார்த்தான். பூட்டியிருந்தது.

"ஐசி அட்டை இல்லாம போறியா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுல போயி பஸ்ஸுல வாரேன். அம்மா வர்றதுக்குள்ள வந்துருவேன். மாமா வேலை முடிஞ்சு வந்து சுவிட்ச போடட்டும், மொகத்தப் பாக்கணும்" என்றான்.

எனக்கும் மாமாவின் முகத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

மத்தியானம், அம்மா கோயிலிலிருந்து வந்த கையோடு, எதிர்வீட்டு முஸ்லிம் ராத்தா முக்காடு நழுவ ஓடி வந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் ராத்தாதான், அப்பாவுக்கும் கூட. கண்டியில் இருக்கும் மகளைப் பார்க்க அதே பஸ்ஸில் போனவர், பாதி வழியில் திரும்பி வந்திருந்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்களாம். அண்ணனிடம் அட்டை இல்லை. பையைக் கொட்டச் சொன்னார்கள். போர்டும் வயரும் ரோட்டில் விழுந்ததைப் பார்த்ததும் எல்லோரும் பின்னால் நகர்ந்தார்களாம்.

"நம்மூட்டுப் புள்ள, கம்ப்யூட்டர் சாமான்னு சிங்களத்துல கத்துனேன் தங்கச்சி. என்னை பஸ்ஸுல ஏறச் சொல்லிட்டாங்க. அல்லாஹ்வே, அவன் என்னையே பாத்துக்கிட்டு நின்னான்" என்று ராத்தா நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

அம்மா அழவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அலுமாரியைத் திறந்து, அண்ணனின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அப்பாவும் மாமாவும் பங்குத்தந்தையும் போனார்கள். அட்டையைப் பார்த்தவர்கள், இது ஏன் அவனிடம் இருக்கவில்லை என்று கேட்டார்களாம். பூட்டி வைத்திருந்தோம் என்றால், ஏன் பூட்டி வைத்தீர்கள் என்று கேட்டார்களாம். எங்கள் வீட்டுக்கும் வந்து தேயிலைப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். வந்தவர்களில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் இருந்தார், அதனால் அதை விட்டுவிட்டுப் போனார்கள். அண்ணனை மட்டும் விடவில்லை. விசாரணை என்று ஒரு தூர ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

வீடு மாறிவிட்டது. அப்பா வக்கீல், பாதர், யாரோ ஒரு பெரிய மனிதர் என்று அலைந்தார். அம்மா படுத்தால் எழும்பமாட்டார், எழும்பினால் படுக்கமாட்டார். மாமா கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சிரித்துப் பகிடி விடவில்லை, சாப்பிடவில்லை, பெட்டி இருந்த பக்கமே திரும்பவில்லை. எனக்கு அண்ணன் மேல் கோபமாக இருந்தது. ஒரு ரேம் வாங்கப் போன ஆள் இவ்வளவு நாளா போவான்?

சில வாரங்கள் போயிருக்கும். அம்மா எழும்பாத ஒரு காலையில், உடுப்புகளை நானே ஊறப்போடலாம் என்று சவர்க்காரத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டேன். பழக்கம் போல மாமாவின் காற்சட்டைப் பைகளைக் காலி செய்தேன். ஒரு பையில், கோயிலில் கொடுக்கிற செபத் தாளில் மடித்து, விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பலகை இருந்தது. ஓரத்தில் என் சிவப்புப் பொட்டு.

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். அண்ணன் காட்டித்தந்த மாதிரியே வைத்து அழுத்தினேன், வெள்ளைக் கொக்கிகள் டக்கென்று பிடித்தன. சுவிட்சைப் போட்டேன். ஒரே ஒரு பீப். செங்கல் சுவர்கள் வந்தன, நடுவில் வீடு வந்தது.

"மாமா! அம்மா! ஓடி வாங்க! ரேம் கெடைச்சிருச்சு! நம்ம வீட்டுலயே இருந்துச்சு! மாமா பையில இருந்துச்சு!"

மாமா பின்வாசலிலிருந்து வந்தார். அம்மா படுக்கையிலிருந்து எழும்பி வந்தார். நான் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் திரையைப் பார்க்கவில்லை. அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

"சாகல்லியா அது?" என்றார் அம்மா.

மாமா இல்லை என்று தலையை ஆட்டினார். "ரிசல்ட் வந்ததும் போட்டுரலாம்னு... நீ அன்னைக்கு அழுதியே அக்கா" என்றவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மா அவரை ஏசப்போகிறார் என்று பயந்தேன். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மாமாவின் கையில் வைத்து மூடினார்.

"நீ மட்டுமா தம்பி? நானுந்தான்" என்றார்.

இருவரும் அழுதார்கள். தொலைந்த சாமான் கிடைத்ததற்குப் பெரியவர்கள் இப்படியும் அழுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அழுகை ஓய்வதற்குள் திரையில் எங்கள் வீடு வெடித்துவிட்டது, ஆட யாரும் இல்லாததால்.

"அண்ணனப் பாக்கப் போறப்ப சொல்லுங்க. ரேம் வீட்டுலயே இருக்கு, இனி எங்கயும் போக வேணாம்னு" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "அங்க சொல்ல வேணாம். அவன் வரட்டும்" என்றார். பெட்டியின் மேல் ஒரு பழைய சாரியைப் போட்டு மூடினார். நான் அந்த நல்ல செய்தியை எனக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டேன். அண்ணனின் பரீட்சை முடிவு வந்தது, நல்ல முடிவு. அந்தத் தாளும் அலுமாரிக்குள் போனது. ஒரு நத்தார்ப் பண்டிகை அவன் இல்லாமல் வந்து போனது. எப்போதெல்லாம் அண்ணனை நினைக்கிறேனோ, அப்போதெல்லாம் அவனிடம் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருடம், குற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அண்ணனை விடுதலை செய்தார்கள். அண்ணன் வந்தபோது நான் அவன் தோள் வரைக்கும் வளர்ந்திருந்தேன். அவன்தான் சின்னதாகிப் போயிருந்தான். கதவுக்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டான். வெளியே வாகனம் நின்றால் எழும்பி நிற்பான். வலது கையின் சில விரல்கள் சரியாக மடியவில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்ல நினைத்ததைச் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பின்னேரம் அவனாகவே பெட்டியின் மேலிருந்த சாரியை எடுத்தான். சுவிட்சைப் போட்டான். நீளமான அழுகையை எதிர்பார்த்துத்தானோ என்னவோ, தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். ஒரே ஒரு பீப்.

திரும்பி மாமாவைப் பார்த்தான். "ரேம் போட்டுட்டீங்களா மாமா?"

"ம்."

"எங்க கெடைச்சது?"

நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அம்மாவின் கை என் தோளை நகம் பதிய அழுத்தியது.

"கண்டியில" என்றார் மாமா.

அண்ணன் திரையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்தான். வந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"நான் சொன்னேன்ல, கண்டியில கெடைக்கும்னு. நீங்கதான் நம்பல."

"நீ சொன்னதுதான் சரி" என்றார் மாமா.

சிவப்புப் பொட்டைப் பார்த்தால் அவனுக்கே உண்மை தெரிந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். அண்ணன் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான், நானும் பார்த்தேன். ரேம் இருந்தது, பொட்டு இல்லை. அது இருந்த இடத்தில் பிளேடால் சுரண்டிய தடம் வெள்ளையாகத் தெரிந்தது. அண்ணன் அதைக் கவனிக்காமல் மூடியை வைத்துவிட்டு விளையாட உட்கார்ந்தான்.

இவ்வளவு காலமும் நான் காத்துவைத்திருந்த செய்தியைச் சொல்ல விடாமல் செய்துவிட்டார்கள், மாமா கண்கூடாகப் பொய் சொல்கிறார், அம்மாவும் அதற்கு உடந்தை, போதாததற்கு என் நகப்பூச்சையும் யாரோ சுரண்டி எறிந்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று முழுக்க மாமாவோடு பேசவில்லை. இரவு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த பொரித்த மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் அதைத் திருப்பி அவர் தட்டிலேயே போட்டேன்.